வல்லினம் வாய் மூடிய மாதம்

பல் செட்டு செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு வல்லினம் என்ற பெயர் விழுந்தது வேலைக்கு வந்த முதல் நாளே. வந்தவள் நேரே உள்ளே போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'செயற்கை பற்கள் செய்து தரப்படும்' என்று நீல எழுத்தில் போட்டிருந்தது.

"இதுல ஒரு ப் விட்டுப்போச்சுங்க," என்றாள் முதலாளியிடம். "செயற்கைப் பற்கள்னு வரணும். வல்லினம் மிகும்."

முதலாளி நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தலைக்கு மேல் வேலை. "மிகுந்தா நீயே போட்டுக்கோம்மா," என்று ஸ்டூலைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பாவம், விளையாட்டாகத்தான் சொன்னார். இவள் ஸ்டூலில் ஏறி, கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, இருந்த இடுக்கில் ஒரு ப் எழுதி, புள்ளியும் வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். இன்றைக்கும் அந்தப் பலகையில் எல்லா எழுத்தும் நீலம், அது ஒன்று மட்டும் சிவப்பு. இப்படி ஒருத்தியை வேலைக்கு வைத்துவிட்டுப் பின்னால் காது வலிக்கிறது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான ஒரே அறை. ஜன்னலோரம் வல்லினத்தின் மேஜை. அதில் ஒரு சிறு விளக்கு, மெழுகுக் கத்தி, வகை வாரியாகப் பற்கள் அடுக்கிய தட்டுகள். சூடாக்கிய மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, யாரோ ஒருவருடைய சிரிப்பை உண்டாக்குவது அவள் வேலை. நடு மேஜையில் மாவுக்காரி. வாயில் எடுத்த அளவில் வெள்ளைப் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி அச்சு வார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். வயதில் சின்னவள், வாயில் இல்லை. சுவரோரம் மெருகுக்காரர். முடிந்த செட்டை மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குபவர். தொழுகை நேரம் வந்தால் செட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

வல்லினத்துக்குக் கடவுளும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. ஆனால் இலக்கணம் என்று வந்துவிட்டால் அவளைவிடப் பக்திமான் யாரும் இல்லை. மற்ற இரண்டு பேரும் நேர் எதிர். கடவுள் விஷயத்தில் அணுவளவும் பிசக மாட்டார்கள், எழுத்து விஷயத்தில் எதையும் எப்படியும் எழுதுவார்கள். அப்புறம் சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

"கடவுள் இருக்கார்னு நூல்ல எழுதியிருக்குன்னு சொன்னா ஆச்சா அண்ணே?" என்று காலையில் விளக்கைப் பற்றவைக்கும்போதே வல்லினம் ஆரம்பிப்பாள். "யார் வேணா எழுதலாம். கண்ணால பாத்தவங்க யாரு, அதச் சொல்லுங்க."

"பாத்தாத்தான் இருக்குன்னு அர்த்தமா தங்கச்சி? நீ வச்சிருக்கியே மூளை, அத நான் பாத்திருக்கேனா? ஏதோ இருக்கும்னு நம்பிக்கிட்டுத்தானே பேசுறேன்," என்பார் மெருகுக்காரர்.

மாவுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். உடனே சண்டை அவள் பக்கம் திரும்பும்.

"நீ என்னடி சிரிக்கிற? நேத்து நீ ஒட்டுன சீட்டுல 'அச்சு பெட்டி'ன்னு எழுதியிருக்க. ஒற்று எங்க?"

"ஒற்று இல்லாம வேண்டினாலே ஆண்டவருக்குக் கேக்குதுக்கா. பெட்டிக்குக் கேக்காதா?"

"கேக்கும், ஆனா தப்பாக் கேக்கும். நான் கேட்டது ஒண்ணு, கெடச்சது ஒண்ணுன்னு வாரா வாரம் பொலம்புறியே, அது எதனாலன்னு நெனச்ச?"

இப்படிப் போகும். மெருகுக்காரர் இடையில் புகுந்து, "சொன்னது புரிஞ்சா போதாதா? எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்பார். "நூல்ல இருக்கு அண்ணே. விதின்னா விதி," என்று வல்லினம் ஒற்றைக்காலில் நிற்பாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இனி இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்று நினைப்பார்கள். மதியம் பார்த்தால் மூன்று பேரும் ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்து, அவள் தட்டில் இவர் வைக்க, இவர் தட்டில் இவள் வைக்க, கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும்.

மெருகுக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. வாதத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் போதும், கை மெல்ல நகரும், மோட்டார் சுவிட்சைத் தட்டிவிடுவார். அது 'ஙொய்ய்' என்று அலறும். "என்னம்மா? கேக்கலியே!" என்று காதைத் தொட்டுக் காட்டுவார். விடுவாளா வல்லினம்? மோட்டாரை மிஞ்சிக் கத்துவாள். தெருமுனைக் கடிகாரக் கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் வீட்டுக்காரருக்கு வாதத்தின் கடைசிப் பகுதி மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அந்தக் கடிகாரக்காரர் ஒரு தனிப் பிறவி. கோயிலுக்குப் போகாமல் கடை திறக்காதவர். கல்யாணமான புதிதில் இதைப் பற்றி மனைவியிடம் ஒரு வாதம் பண்ணிப் பார்த்தாராம். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் வாயில் வந்ததெல்லாம் "சரிம்மா" ஒன்றுதான்.

இப்படிக் கத்திக் கத்தியே வல்லினத்தின் குரல் கரகரத்தது. முதலில் சளி என்றாள். பிறகு தூசி என்றாள். ஒருநாள் வாதத்தின் நடுவில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மாவுக்காரி பயந்துபோய்க் கையோடு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

குரல் நாணில் சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எடுத்தும் விட்டார். அதற்கப்புறம் சொன்னதுதான் இடி. "ஒரு மாசம் பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது, குசுகுசுன்னும் கூடாது. புண்ணு ஆறுறதுக்குள்ள பேசுனீங்கன்னா தழும்பாயிடும், அப்புறம் குரலே வராமப் போயிடலாம். பேசாம இருந்தாலும் பழைய குரல் வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வல்லினம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கையிருந்தால் பல் நடலாம், கண்ணிருந்தால் பிழை பிடிக்கலாம். குரல் இல்லாவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? அது இல்லாமல் அவள் என்ன மனுஷி? வீட்டுக்கு வரும் வழியில் பஸ் ஜன்னலில் தெரிந்த விளம்பரங்களில் பிழைக்கு மேல் பிழை வந்துகொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்கு மட்டும் வந்தாள். வந்து பார்த்தால் பட்டறை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. பாவம் என்று இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. மாவுக்காரி கிண்ணத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள். மெருகுக்காரர் மோட்டாரைப் போடுவதற்குமுன் அவளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். போட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை, முகத்திலேயே இருந்தது. யாருடைய மோட்டாரை மிஞ்சிக் கத்தி அந்தக் கட்டி வந்தது?

இந்தக் கருணை வல்லினத்துக்குத் தாங்கவில்லை. திட்டினால் தாங்குவாள், கிண்டல் பண்ணினால் தாங்குவாள், மூன்று வேளையும் பரிதாபப்பட்டால் யார்தான் தாங்குவார்கள்? டப்பாவைத் திறந்து, சாப்பிடாமலே மூடினாள். வீட்டிலும் அதே கதை.

ஆனால் வீட்டில் வேறொரு அதிசயம் நடந்தது. வாய் திறக்காத கடிகாரக்காரர் பேச ஆரம்பித்தார்! ஆரம்பத்தில் அவளுக்குத் துணையாக இரண்டு வார்த்தை. பிறகு வீட்டு வாடகை, பக்கத்து வீட்டு நாய், இளவயதில் ஓடிய ஓட்டப்பந்தயம், கடவுளைத் தான் நம்புவதற்கான காரணங்கள், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. இத்தனை வருஷமும் அவருக்கு இடைவெளி கிடைக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வல்லினம் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது காரணத்தில் பெரிய ஓட்டை இருந்தது. அதை எழுதி முடிப்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குத் தாவிவிட, தலையணையைக் குத்தினாள்.

மறுநாள் காலை கடிகாரக்காரர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"கும்பிட்டுக் கேக்குறேன், சண்டை போடுங்க," என்றார். "சாப்பிட மாட்டேங்குறா. ஆளு பாதியாயிட்டா. நான் தனியாப் பேசிப் பேசிப் பாக்குறேன், எனக்கு அந்தச் சூடு வரல."

"யாரோட போடுறது?" என்றார் மெருகுக்காரர். "நாங்க ரெண்டு பேரும் கடவுள் உண்டுன்னுதான் சொல்லுவோம். ஒற்று வேணாம்னுதான் சொல்லுவோம். ஆமா ஆமான்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு சண்டையா?"

மாவுக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். வல்லினத்தின் தட்டிலிருந்து ஒரு கடைவாய்ப்பல்லையும் ஒரு கோரைப்பல்லையும் எடுத்து ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். கோரைப்பல் யாருக்கு வருகிறதோ அவர் அன்று முழுக்க வல்லினத்தின் கட்சி. கடவுள் இல்லை, இலக்கணம் உண்டு. வல்லினம் நடுவர். மெழுகுக் கத்தியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் தப்பு.

முதல் நாள் கோரைப்பல் மெருகுக்காரருக்கு வந்தது. மனிதர் நெளிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடவுள்... வந்து... இல்லைன்னு சிலர் சொல்றாங்க," என்றார். டக், டக்! "சரிம்மா, சரி! இல்ல! இருந்தா இந்தப் பொண்ணு பாடுறதக் கேட்டுக்கிட்டு வாரா வாரம் சும்மா இருப்பாரா?" டக். மாவுக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, சூடு பிடித்துவிட்டது. வல்லினத்திடம் காலமெல்லாம் அடி வாங்கி வாங்கி அவளுடைய அடிகள் எல்லாமே அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். கடைசியில் மாவுக்காரி பதில் தெரியாமல் விழித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேயறைந்தவர் மாதிரி எழுந்து, நேரம் ஆகாமலே மாடிக்கு ஓடினார். திரும்பி வர வெகு நேரமாயிற்று. வல்லினம் அன்றைக்கு டப்பாவில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மாவுக்காரிக்குக் கோரைப்பல் வந்த நாட்கள் இன்னும் வேடிக்கை. கடவுள் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு மேஜைக்கடியில் சிலுவை போட்டுக்கொள்வாள். இலக்கணத்துக்கு மட்டும் வக்கீல் மாதிரி வாதாடினாள். வாதாடி வாதாடி அது அவளையே பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில், "இந்த வரியில ஒற்று விட்டுப்போச்சு, இத நான் பாட மாட்டேன்," என்று நின்றாளாம். குழுத் தலைவர் அவளைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டார். திங்கட்கிழமை வந்து மூக்கைச் சிந்தினாள். வல்லினம் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் இந்தக் கோரைப்பல்லே வினையாகிவிட்டது. குலுக்கி எடுத்ததை மெருகுக்காரர் வாதத்தின் சுவாரஸ்யத்தில் வல்லினத்தின் மேஜையில் வைத்துவிட்டார். மாவுக்காரியின் பேச்சில் பிழை பிடித்துக்கொண்டே வல்லினம் அதையும் எடுத்து மெழுகில் நட்டுவிட்டாள். மெழுகைச் சுற்றி மாவு ஊற்றிக் கடைசி அச்சு எடுக்க அனுப்பியும் விட்டாள். மாவுக்காரி மாவைச் சாய்க்கிற நேரம் பார்த்து வல்லினத்துக்கு உறைத்தது. யாரோ ஒரு கௌரவமான மனிதர் நாளைக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கோரைப்பல்லோடு சிரிக்கப் போகிறார்! எழுந்தாள். வாய் திறந்தது. 'நிறுத்துடி' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

மாவுக்காரி திரும்பிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஒரே பாய்ச்சல். மாவும் கையுமாக வல்லினத்தின் வாயைப் பொத்தினாள்.

"மூடுக்கா! எதுவா இருந்தாலும் பரவால்ல, மூடு!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கையை எடுத்தபோது வல்லினத்தின் முகத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. மெருகுக்காரர் பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. காலையில் கண்ணாடிமுன் நின்று வாயை மட்டும் அசைத்துப் பார்ப்பாள். பயமாக இருந்தது அவளுக்கு, நிஜமாகவே பயம். அந்தச் சமயத்தில் ஒருநாள் மெருகுக்காரர் வேறு சொன்னார், "தங்கச்சி, உன்ன ஒரே அடியில சாய்க்கிற மாதிரி ஒண்ணு எனக்குத் தோணியிருக்கு. இப்பச் சொல்ல மாட்டேன். கையக் கட்டிப் போட்டிருக்கிற ஆள அடிக்கிறது தப்பு. குரல் வரட்டும், வச்சுக்கிறேன்." அது என்ன என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். மனிதர் மசியவில்லை.

மாதம் முடிந்தது. டாக்டரம்மா "ஆ" சொல்லச் சொன்னார்.

வல்லினம் "ஆ" என்றாள். வந்தது. ஆனால் அது அவள் குரல் இல்லை. பாதி காற்று, பாதி சத்தம், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல. "நல்லா ஆறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இவ்வளவுதான் வரும். மெதுவாப் பேசுனீங்கன்னா கடைசிவரைக்கும் கூட வரும். கத்துறது மட்டும் இனிமே கிடையாது, என்னைக்கும் கிடையாது."

பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பேசலாம், ஆனாலும் பேசவில்லை. கூட வந்திருந்த கடிகாரக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், சண்டைக்கு வராத. உனக்காக நான் தினமும் கோயிலுக்குச் செருப்பில்லாம நடந்தேன். மெருகுக்கார அண்ணன் நோன்பு இருந்தார். அந்தப் பொண்ணு பாட்டுக் குழு மொத்தத்தையும் முழங்கால் போட வச்சிருக்கா, பின் வரிசையில இருந்துக்கிட்டே. எந்தச் சாமி கேட்டுச்சுன்னு எங்களுக்குள்ள சண்டை வந்துடும்னு யாரும் வெளிய சொல்லல."

வல்லினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்து தெரு மங்கிவிட்டது. எந்த விளம்பரத்திலும் பிழை தெரியவில்லை. போனவுடன் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். என்ன பெரிய வாதம், என்ன பெரிய இலக்கணம், இந்தக் குரலை வைத்துக்கொண்டு.

பட்டறையில் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவள் மேஜையில் இரண்டு விஷயம் புதிதாக இருந்தது. ஒன்று, அந்தக் கோரைப்பல், நடுவில் தனியாக. இன்னொன்று, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். சுவரோரமிருந்து கறுப்பு ஒயர் ஒன்று தரையோடு ஓடி வந்து அதில் முடிந்திருந்தது.

"மோட்டார் சுவிட்ச்," என்றார் மெருகுக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "இங்க மாத்திட்டேன். இனிமே நீ போட்டாத்தான் ஓடும். நீ பேசும்போது... அதுபாட்டுக்கு ஓடக் கூடாதுல்ல."

வல்லினம் அந்தச் சுவிட்சை விரலால் தடவிப் பார்த்தாள். நன்றி என்ற வார்த்தை உதடுவரை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாவுக்காரி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். மெருகுக்காரர் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. குரல் போய்விட்டதோ என்று இல்லை. இவள் மாறிப்போய்விட்டாளோ என்று.

கோரைப்பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மருந்து," என்றாள், அந்தக் காற்றுக் குரலில். "மருந்தாலதான் வந்துச்சு. உங்க மூணு பேர் சாமிக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்பாடா!" என்று மெருகுக்காரர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். மாவுக்காரி அழுதுகொண்டே கை தட்டினாள். வாசலில் நின்ற கடிகாரக்காரர், "சரிம்மா," என்றார், வழக்கம்போல.

"இப்ப நான் வச்சிருந்தத எடுக்குறேன்," என்று மெருகுக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டார். "தங்கச்சி, இலக்கணம் எழுதுனவர நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"உங்க அப்பா?"

"இல்ல."

"பாத்த ஒருத்தரையாவது காட்ட முடியுமா?"

"அது எப்படி முடியும்?"

"அப்புறம் எத வச்சு நம்புற?"

"நூல்ல இருக்கு அண்ணே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். மாவுக்காரி மேஜையைத் தட்டிக் கொக்கரித்தாள். கடிகாரக்காரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விசிலடித்தார். "சொல்லு, சொல்லு," என்று மெருகுக்காரர் காதைச் சாய்த்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். கூச்சல் அடங்கியிருந்தது, மோட்டாரும் ஓடவில்லை, அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கேட்டிருக்கும்.

வல்லினம் அவரைப் பார்த்தாள். மாவுக்காரியைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையை நீட்டி, மோட்டார் சுவிட்சைப் போட்டாள்.